பொரிக்காத பலகாரம் – வீட்டிலேயே ஆப்பிள் டோனட்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். "சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்காங்க, தடுப்பூசி பத்திப் பேசுவாங்கன்னு பார்த்தா, பலகாரம் சுடச் சொல்லித் தர்றாங்களே!" என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையைக் கழற்றி எறிந்ததும் முதலில் கேட்பது என்ன? "அம்மா, திங்க என்ன இருக்கு?" என்பதுதானே? அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் தினந்தோறும் ஒரு பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் நல்ல பதிலா, கெட்ட பதிலா என்பதைப் பொறுத்தே பிள்ளையின் வளர்ச்சியும், பல்லும், இரத்தமும் அமைகின்றன. ஆகவே இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல.

டோனட் என்றால் என்ன?

டவுனில் உள்ள பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். மெதுவடை போல நடுவில் ஓட்டை. மேலே சர்க்கரைப் பாகோ சாக்லெட்டோ பூசியிருக்கும். அதுதான் டோனட். அமெரிக்க நாட்டில் மிகவும் பிரபலமான பலகாரம். அங்கே ஆப்பிள் அறுவடைக் காலத்தில் ஆப்பிள் சாறு சேர்த்தும் ஆப்பிளைத் துருவிப் போட்டும் இதைச் செய்வார்கள். கடையில் விற்பது பெரும்பாலும் மைதா மாவு, சர்க்கரை, எண்ணெய் இம்மூன்றும் சேர்ந்தது. கொதிக்கும் எண்ணெயில் முழுக்கி எடுத்தது.

நடுவில் ஓட்டை எதற்கு? நம் வீட்டுப் பாட்டி மெதுவடையில் கட்டை விரலால் ஓட்டை போடுவது எதற்கோ அதற்கேதான். ஓட்டை இல்லாவிட்டால் ஓரம் சிவந்துவிடும், நடு மாவு வேகாது. ஓட்டை போட்டால் சூடு உள்ளேயும் போய்ச் சமமாக வேகும். ஆக, நம் பாட்டிக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இதில் இல்லை.

எண்ணெயில் பொரிக்காமல், சூட்டு அடுப்பில் வேகவைத்து எடுப்பது இன்னொரு வகை. இந்த ஊரில் சூட்டு அடுப்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் பரணில் கிடக்கும் குழிப்பணியாரக் கல் இருக்கிறதே, அது போதும். ஓட்டை போட்ட வளையமாகவே வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் அதற்கும் வழி சொல்கிறேன்.

நாலு மணிப் பசி

பெரியவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு போதும். பிள்ளைகளுக்குப் போதாது. வயிறு சிறியது, ஓட்டமும் ஆட்டமும் பெரியது. ஆகவே மூன்று வேளைக்கு நடுவே சிற்றுண்டி தேவைப்படுகிறது. அதைத் தின்பண்டம் என்று நினைக்காமல் நான்காம் வேளைச் சாப்பாடு என்றே நினைக்க வேண்டும். அந்த வேளையில் மாவுச்சத்து மட்டும் இருந்தால் போதாது. புரதம் வேண்டும், பழம் வேண்டும், பயறோ கடலையோ வேண்டும்.

நாம் கொடுப்பது என்ன? பெட்டிக்கடையில் தொங்கும் பத்து ரூபாய்ப் பொட்டலம். உறையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சிட்டிருக்கும். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். மாவு, எண்ணெய், சர்க்கரை அல்லது உப்பு என்றுதான் பெரும்பாலும் வரிசை போகும். அதைத் தின்றுவிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளை சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "புள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்குது, ஒரு டானிக் எழுதிக் கொடுங்க" என்று தாய்மார்கள் வருகிறார்கள். டானிக் எதற்கு? நாலு மணிப் பொட்டலத்தை நிறுத்தினாலே எட்டு மணிக்குப் பசி தானாக வரும்.

காசுக் கணக்கும் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்றால் மாதம் 300 ரூபாய். வருஷத்துக்கு 3,650 ரூபாய். இரண்டு பிள்ளை என்றால் 7,300 ரூபாய். இந்தப் பணத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை சீப்பு வாழைப்பழம், எத்தனை படி வேர்க்கடலை வரும் என்று நீங்களே உங்கள் ஊர் விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பொரித்த எண்ணெய்

"கடையில வாங்கல, நாங்களே வீட்டுல பொரிச்சுத் தர்றோம்" என்று சிலர் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் மிஞ்சிய எண்ணெயை என்ன செய்கிறீர்கள்? வடிகட்டி வைத்து, மறுநாள் அப்பளம், அடுத்த நாள் வடை என்று சுடவைக்கிறோம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது. நிறம் கறுக்கும், நுரைக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், ஒரு சிக்கு வாடை அடிக்கும். இப்படிக் கெட்ட எண்ணெய் இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஆகாது. அதனால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், காய்ந்து கெட்ட எண்ணெயில் சேரும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி வைத்தது. அந்த அளவைப் பார்க்கக் கருவி வேண்டும்; நம் வீட்டில் கருவி இல்லை. கண்ணும் மூக்கும்தான் நம் கருவி. கறுத்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று. பொரித்ததைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் வடிப்பது, அதிலேயே மடித்துக் கொடுப்பது நம் பழக்கம். அச்சு மை சூட்டோடும் எண்ணெயோடும் சேர்ந்து பலகாரத்தில் இறங்கும். அதை விடுத்து வாழை இலையோ சுத்தமான தட்டோ பயன்படுத்துங்கள்.

நான் பொரித்த பலகாரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுடத்தான் வேண்டும். பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி, அன்றாடத்துக்குப் பணியாரக் கல் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆப்பிளைப் பற்றி உண்மை

ஆப்பிள் நம் மண்ணில் விளைகிற பழம் அல்ல. பெரும்பாலும் காஷ்மீரத்திலிருந்தும் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் வருகிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரத்து அதிகம். அப்போது விலை இறங்கி, நம் வாரச் சந்தைக்கும் தள்ளுவண்டிக்கும் வந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் இதைச் செய்யுங்கள்.

"ஆப்பிளை வெட்டி வெச்சா கறுக்குதே, அது இரும்புச்சத்து இருக்கிறதுக்கு அடையாளம்" என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள சில பொருள்கள் மாறுவதால் கறுக்கிறது. கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பது போலத்தான். ஆப்பிளில் இரும்புச்சத்து மிகவும் குறைவு. அதன் நன்மை நார்ச்சத்திலும் இயற்கையான இனிப்பிலும் இருக்கிறது. வைட்டமின் சி வேண்டுமானால் நம் கொய்யா ஆப்பிளைவிடப் பல மடங்கு மேல். ஆகவே ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். ஆப்பிளுக்குப் பதிலாக நன்கு கனிந்த வாழைப்பழம் இரண்டைப் பிசைந்து போட்டாலும் இதே பலகாரம் வரும். பூவன், கற்பூரவள்ளி எதுவும் ஆகும். தோல் கறுத்துவிட்டது என்று ஒதுக்கிவைத்த பழமே இதற்கு நன்றாக இனிக்கும். மஞ்சள் பூசணியைத் துருவிப் போட்டாலும் ருசியாக இருக்கும்.

பிறகு ஏன் ஆப்பிளைச் சொல்கிறேன்? பிள்ளை கேட்பது கடை டோனட். "ஆப்பிள் டோனட் வீட்டுலேயே செஞ்சிருக்கேன், வா" என்று நீங்கள் சொல்லும்போது அதன் முகம் மலரும். வயிற்றுக்குள் போவதோ கோதுமையும், கேழ்வரகும், முட்டையும், கடலையும். பிள்ளையின் ஆசைக்கும் ஆரோக்கியத்துக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெற்றோரின் சாமர்த்தியம்.

வேண்டிய பொருள்கள்

200 மில்லி பிடிக்கும் டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோதுமை மாவு – 1 டம்ளர்
கேழ்வரகு மாவு – கால் டம்ளர்
வறுத்துப் பொடித்த வேர்க்கடலை – 2 மேசைக்கரண்டி
பொடித்த வெல்லம் – 4 மேசைக்கரண்டி
நடுத்தர ஆப்பிள் – 1
முட்டை – 1
புளித்த தயிர் – கால் டம்ளர்
பால் அல்லது தண்ணீர் – தேவைக்கு
சமையல் சோடா – கால் தேக்கரண்டி
ஏலக்காய் அல்லது பட்டைப் பொடி – சிறிதளவு
உப்பு – ஒரு சிட்டிகை
எண்ணெய் – 5 தேக்கரண்டி

இதில் 14 முதல் 16 பணியாரம் வரும். ஏழு குழிக் கல்லில் இரண்டு ஈடு. முட்டை சேர்க்காத வீடுகளில் தயிரை அரை டம்ளராக்கிக் கொள்ளலாம். வேர்க்கடலைப் பொடியை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு எதற்கு என்றால், 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். எலும்புக்கும் பல்லுக்கும் நல்லது. கேழ்வரகு இல்லையென்றால் கம்பு மாவு போடலாம். கம்பில் இரும்புச்சத்து கூடுதல். வேர்க்கடலையில் நான்கில் ஒரு பங்கு புரதம். ஆனால் பூஞ்சை பிடித்த கடலை, சுருங்கிக் கறுத்த கடலை, கசக்கும் கடலை இவற்றைக் கட்டாயம் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது.

செய்முறை

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆப்பிளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிய்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோலைச் சீவி எறிய வேண்டாம். நார்ச்சத்து தோலில்தான் அதிகம். விதையையும் நடுத்தண்டையும் மட்டும் எடுத்துவிட்டுத் துருவிக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவல் போலப் பொடியாக இருக்க வேண்டும்.

வெல்லத்தைக் கால் டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, மண் இல்லாமல் வடிகட்டி ஆறவையுங்கள். பாகு பதம் வேண்டாம்.

ஒரு பாத்திரத்தில் மாவு இரண்டையும், கடலைப் பொடி, உப்பு, ஏலக்காய்ப் பொடி, சோடா இவற்றையும் போட்டுக் கட்டியில்லாமல் கலந்துகொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, தயிர், இரண்டு தேக்கரண்டி எண்ணெய், ஆறிய வெல்லக் கரைசல் இவற்றைச் சேர்த்து நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். வெல்லம் சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும், ஆறியிருக்க வேண்டும். இதை மாவில் ஊற்றிக் கிளறி, கடைசியில் ஆப்பிள் துருவலைப் போடுங்கள். மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். இறுகியிருந்தால் மட்டும் பால் விட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிளும் தண்ணீர் விடும் என்பதை மறக்க வேண்டாம்.

கலந்ததும் ரொம்பக் கிண்டக் கூடாது. மாவு சவ்வு போல இழுபடும்; பலகாரம் ரப்பராகிவிடும். அதேபோல் கலந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப் போய்விடக் கூடாது. புளித்த தயிரும் சோடாவும் சேர்ந்ததும் காற்றுக் குமிழிகள் உண்டாகும். அந்தக் காற்றுத்தான் பலகாரத்தை உப்ப வைக்கிறது. நேரமானால் காற்றுப் போய்விடும். கல்லை அடுப்பில் வைத்த பிறகே மாவைக் கலக்குங்கள்.

கல் காய்ந்ததும் தீயைக் குறைத்து, ஒவ்வொரு குழியிலும் துணியால் எண்ணெய் தடவுங்கள். ஊற்ற வேண்டாம், தடவினால் போதும். குழியில் முக்கால் பங்கு மாவு விட்டு மூடி போட்டு மூன்று அல்லது நான்கு நிமிஷம் விடுங்கள். மேலே சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்து ஓரம் பிரிந்து வரும்போது கம்பியால் திருப்பிப் போட்டு, இன்னும் இரண்டு மூன்று நிமிஷம். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். விறகு அடுப்பானால் எரியும் கட்டையை வெளியே இழுத்துவிட்டுத் தணலிலேயே வேகவிடுங்கள்.

வளையமாக வேண்டுமானால்

பிள்ளையின் பிறந்தநாளுக்கு அசல் டோனட் போலவே செய்ய வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். அடி கனமான இரும்புச் சட்டியிலோ மண் சட்டியிலோ ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் இரும்பு வளையம் ஒன்றை வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிஷம் காயவிடுங்கள். உள்ளே காற்றுச் சூடாகிவிடும். அகலமான எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெய் தடவி, நடுவே வெளிப்பக்கம் எண்ணெய் தடவிய சின்ன டம்ளரை நிற்க வையுங்கள். டம்ளர் நகராமல் இருக்க உள்ளே கொஞ்சம் அரிசியைப் போடுங்கள். சுற்றிலும் கிண்ணத்தில் பாதி அளவுக்கு மாவு விட்டு, சட்டிக்குள் வளையத்தின் மேல் வைத்து மூடுங்கள். மிதமான தீயில் 20 முதல் 25 நிமிஷத்தில் வெந்துவிடும். ஆறியதும் டம்ளரைத் திருகி எடுத்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் வளையம் வந்துவிடும். அந்த உப்பை எடுத்து வைத்து அடுத்த முறையும் இதற்கே பயன்படுத்தலாம்; சமையலுக்கு வேண்டாம்.

மின்சாரச் சூட்டு அடுப்பு உள்ள வீடுகளில் டோனட் அச்சில் ஊற்றி, 180 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிஷம் வைத்தால் போதும்.

கடையில் மேலே சர்க்கரைப் பாகு பூசுவார்கள். நாம் ஒரு கைப்பிடி ஆப்பிள் துருவலை எடுத்துவைத்து, அரைத் தேக்கரண்டி வெல்லம் சேர்த்து, குழைய வேகவைத்து மேலே தடவிக் கொடுப்போம். வறுத்த எள்ளை ஒரு சிட்டிகை தூவினால் பார்வைக்கும் அழகு, உடம்புக்கும் நல்லது.

சரியாக வராவிட்டால்

முதல் தடவையே எல்லோருக்கும் வந்துவிடாது. உள்ளே மாவாக இருந்தால் தீ அதிகம் என்று பொருள். தீயைத் தணித்து மூடியைத் தவறாமல் போடுங்கள். கல்லாக இருந்தால் மாவு இறுகிவிட்டது, அல்லது அதிகம் கிண்டிவிட்டீர்கள். கசந்தால் சோடா கூடிவிட்டது. குழியில் ஒட்டிக்கொண்டால் கல் பழகவில்லை. இரவே எண்ணெய் தடவி வைத்து மறுநாள் முதல் ஈடாகக் கொஞ்சம் தோசை மாவை ஊற்றி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

யாருக்கு எவ்வளவு?

ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று பணியாரம் போதும். அதில் சுமார் பத்து கிராம் வெல்லம், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு இருக்கும். அதற்கு மேல் வேண்டாம். இராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். வாரம் இரண்டு நாள் இது என்றால், மற்ற நாள்களில் அவித்த சுண்டல், வேர்க்கடலை, ஒரு கொய்யா, ஒரு முட்டை என்று மாற்றிக் கொடுங்கள்.

"வெல்லம்தானே, எவ்வளவு போட்டாலும் தப்பில்லையே?" என்று ஒரு கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். தாய்மார்களே, வெல்லமும் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். அதில் உள்ள இரும்புச்சத்து கொஞ்சம்; அதை நம்பி அள்ளிப் போட்டால் பல்தான் சொத்தையாகும். தின்ற பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு வெல்லமோ சர்க்கரையோ சேர்த்தது வேண்டாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஆப்பிளை வேகவைத்து மசித்து, இனிப்புச் சேர்க்காமல் ஊட்டுங்கள். பச்சை ஆப்பிள் துண்டும், முழு வேர்க்கடலையும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆப்பிளைத் துருவவும் கடலையைப் பொடிக்கவும் சொன்னேன். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள். உட்கார வைத்துக் கொடுங்கள். வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிட்டதும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லப்பட்ட தாய்மார்கள், இவர்கள் இதே கல்லில் வெங்காயம், முருங்கைக்கீரை போட்டுக் காரப் பணியாரம் சுட்டுக்கொள்ளட்டும்.

கூட ஒரு டம்ளர் டீ வேண்டாம்

பலகாரம் என்றதும் பக்கத்தில் டீ டம்ளரும் வந்துவிடுகிறது. பெரியவர்கள் குடிக்கும்போது பிள்ளைக்கும் அரை டம்ளர் ஆற்றிக் கொடுக்கிறோம். இதை இன்றோடு நிறுத்துங்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. பெண்களிலும் பாதிக்கு மேல். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து உட்காரும், பாடம் ஏறாது. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் ஆபத்து. கஷ்டப்பட்டுக் கம்பும் எள்ளும் சேர்த்துச் செய்துவிட்டு, மேலே டீயை ஊற்றி அதைக் கெடுத்துக்கொள்வது என்ன நியாயம்? பிள்ளைக்குத் தண்ணீரோ, ஒரு கொய்யாத் துண்டோ, இனிப்புக் குறைத்த எலுமிச்சைச் சாறோ கொடுங்கள். புளிப்புப் பழத்தின் வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும். பெரியவர்களும் ஒரு மணி நேரம் கழித்து டீ குடிக்கலாமே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் தின்று முடித்த பிறகு, உடைந்ததும் கருகியதும் தாய்க்கு என்பது நம் வீட்டு வழக்கம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பசி கூடுதல், தேவையும் கூடுதல். முதல் ஈட்டிலேயே அவர்களுக்குரிய பங்கை எடுத்துவையுங்கள்.

சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை நான் பேசியது பெண்களுக்கு என்று நினைத்து யாரும் வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பொட்டலம் வாங்கி வருவது யார்? பெரும்பாலும் அப்பாதான். நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வீடு திரும்பும்போது பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. பத்து ரூபாயைக் கொடுத்து ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறீர்கள். அது அன்பு, அதை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டில் என்ன நடக்கிறது? "இதைத் தின்னுட்டுச் சோறு திங்காது, எத்தனை தடவை சொல்றது?" என்று மனைவி சத்தம் போடுகிறாள். "என் புள்ளைக்கு நான் வாங்கிக் கொடுக்கக் கூடாதா?" என்று நீங்கள் சத்தம் போடுகிறீர்கள். நடுவில் பிள்ளை பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. இரண்டு பேரும் பிள்ளையின் நன்மைக்காகத்தான் சண்டை போடுகிறீர்கள்!

கணவர்மார்களே, அந்தப் பத்து ரூபாயை நிறுத்த வேண்டாம். அதைப் பழமாக மாற்றுங்கள். ஒரு நாள் ஆப்பிள், ஒரு நாள் கொய்யா, ஒரு நாள் முட்டை. "இதை அம்மாகிட்ட கொடு, பலகாரம் செய்வோம்" என்று பிள்ளையின் கையில் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் துருவுவதும், கல்லில் பணியாரம் திருப்புவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். கல்யாண வீட்டில் அண்டா அண்டாவாகச் சமைப்பது ஆண்கள்தானே? வீட்டில் ஏழு குழியைத் திருப்புவதில் என்ன கௌரவக் குறைச்சல்? காலை முதல் மாலை வரை களை பறித்துவிட்டு வந்த பெண்ணின் தலையில் இதையும் ஏற்றினால், பத்தாம் நாள் அவளே "போய்ப் பொட்டலம் வாங்கிட்டு வா" என்று பிள்ளையிடம் காசைக் கொடுப்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருவரும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

மாமியார்மார்களுக்கும் சொல்கிறேன். உங்கள் கைக்குத்தான் பணியாரப் பதம் தெரியும். மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

நாலு மணிச் சிற்றுண்டி பிள்ளைக்கு நான்காம் வேளைச் சாப்பாடு.
பண்டிகைக்குப் பொரிப்பது, அன்றாடத்துக்குச் சுடுவதும் அவிப்பதும்.
கறுத்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.
வெல்லமும் சர்க்கரைதான், அளவோடு போடுக.
இரண்டு வயதுக்குள் இனிப்புச் சேர்க்க வேண்டாம்.
பலகாரத்தோடு டீ வேண்டாம். புளிப்புப் பழம் நல்லது.
பத்து ரூபாயைப் பழமாக மாற்றுக.
தாயின் பங்கை முதலில் எடுத்துவைக்க.

"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்பார்கள். பிள்ளையின் உடம்புதான் சுவர். படிப்பு, வேலை, கல்யாணம், காட்சி எல்லாம் அதன்மேல் எழுதுகிற சித்திரம். அந்தச் சுவரை மருந்துக்கடையில் வாங்கிப் பூச முடியாது. தினம் ஒரு கை மண்ணாக நம் அடுப்பங்கரையில்தான் எழுப்ப வேண்டும்.

பிள்ளையின் எடை கூடவில்லை என்று தோன்றினால், முகமும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருந்தால், அடிக்கடி சோர்ந்து படுத்தால், பலகாரத்தை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். அங்கன்வாடியில் எடை பார்த்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இவை எல்லாம் உங்களுக்காகவே உள்ளவை, கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்தக் கல்லை இறக்குங்கள். கணவன் துருவ, மனைவி கலக்க, பிள்ளை எண்ணிப் பார்க்க, ஒரு ஈடு சுட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எப்படி வந்தது என்று சொல்லுங்கள். சுட்டதில் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். ருசி பார்க்க நான் தயார்!